மூன்று வோல்ட் நிழல்

பிலோமினா டீச்சர் அந்த போர்டைக் கொண்டுவரும் விதமே தனி. ரிச்சி தெருவுக்கு ரிப்பேர் சாமான் கொண்டுவருகிறவர்கள் அதைக் கோணிப்பையில் திணித்து, ஸ்கூட்டரில் கால் வைக்கிற இடத்தில் கிடத்தி, மாடிப்படியில் நாலு இடத்தில் இடித்துத்தான் கொண்டுவருவார்கள். டீச்சர் பெரம்பூரிலிருந்து ஆட்டோவில் மடியிலேயே வைத்துக்கொண்டு வருவார். உள்ளே ஒரு பழைய ஃபிளானல் துணி, மேலே ஒரு பூந்துவாலை. படியேறி வந்ததில் மூச்சு வாங்கும். ஆனாலும் தணிகைவேல் கை நீட்டியதும் கொடுத்துவிட மாட்டார். முதலில் மேஜையைத் துடைக்கச் சொல்வார்.

தணிகைவேல் துடைத்தார். ஐம்பத்தெட்டு வயதில் அவர் வேறு யாருக்காகவும் மேஜை துடைத்ததில்லை.

தணிகைவேல் பழைய வீடியோ கேம் போர்டுகளைப் பிழைக்கவைக்கும் மெக்கானிக். காசு போட்டு நின்றுகொண்டே ஆடும் பெட்டிகள் ஒரு காலத்தில் புரசைவாக்கத்திலும் தி.நகரிலும் வரிசையாக நின்று அலறின. அப்புறம் கடைகள் மூடின, பெட்டிகள் காயலான் கடைக்குப் போயின. உள்ளே இருந்த போர்டுகளை மட்டும் சில பைத்தியங்கள் பத்திரமாக வைத்திருந்தார்கள். தணிகைவேலுக்குச் சோறு போடுவது அந்தப் பைத்தியங்கள்தான். ஆனால் டீச்சரை அந்தக் கணக்கில் சேர்க்க அவருக்கு மனசு வராது.

"பேட்டரி வோல்டேஜ் இறங்கிடுச்சாண்ணா?"

"பாத்துட்டு சொல்றேன் டீச்சர். போன தடவ மாத்தி ஒம்போது வருஷம் ஆவுதுல்ல, எறங்கத்தானே செய்யும்."

"இத காப்பி எடுத்து ஒரு பென்டிரைவ்ல போட்டு வெச்சுக்க முடியாதா? எத்தன தடவதான் இப்படி வயித்துல நெருப்பக் கட்டிக்கிட்டு வர்றது?"

"முடிஞ்சா செஞ்சிருக்க மாட்டனா? அந்த ஜப்பான் கம்பெனிக்காரன் திருட்டு போர்டு வந்துடக் கூடாதுன்னு உள்ள பூட்டுப் போட்டு வெச்சிருக்கான். தொறக்கப் பாத்தா தானே அழிச்சிக்கும். கம்பெனியும் இப்ப இல்ல, சாவியும் இல்ல. இந்த பேட்டரி சொட்டுச் சொட்டா கரண்ட் குடுக்கற வரைக்கும்தான் உள்ள இருக்கறது இருக்கும். ரெண்டு செகண்டு நின்னா போச்சு."

உள்ளே இருந்தது ஜெரோம்.

அந்த விளையாட்டின் பெயர் ஜப்பானிய எழுத்தில் இருந்தது. நம் ஊரில் எல்லோரும் அதை 'நிழல் சண்டை' என்றார்கள். மற்ற சண்டை விளையாட்டுகளில் இல்லாத ஒன்று அதில் இருந்தது. ஆடுகிறவனின் கையை அது படித்துக்கொள்ளும். எப்போது முன்னேறுவான், எந்த அடிக்குப் பின்வாங்குவான், எங்கே அரை வினாடி தயங்குவான் என்று எல்லாவற்றையும் மூன்று எழுத்துப் பெயருக்குக் கீழே சேர்த்துவைக்கும். அவன் வீட்டுக்குப் போனபிறகும் அவனுடைய நிழலோடு வேறொருவர் மோதலாம். ஜெரோம் 'ஜே, ஈ, ஆர்' என்று போட்டிருந்தான். டீச்சரின் தம்பி. பதினெட்டு வயது.

அவன் பாலிடெக்னிக்குக்கு மட்டம் போட்டுவிட்டு புரசைவாக்கத்தில் ஆடிக்கொண்டிருந்ததை டீச்சர்தான் கண்டுபிடித்தார். தனியாகக் கூப்பிட்டுக் கண்டித்திருக்கலாம். அப்பாவிடம் சொன்னார், அதுவும் வீடு நிறைய விருந்தாளிகள் இருந்த ஒரு ஞானஸ்நான நாளில். அப்பா எல்லோர் முன்னாலும் செருப்பைக் கழற்றினார். ஜெரோம் அடியை வாங்கிக்கொண்டான். அக்காவை ஒரு பார்வை பார்த்துவிட்டு நண்பனின் பைக்கை எடுத்துக்கொண்டு போனவனை மறுநாள் மகாபலிபுரம் சாலையோரம் கண்டெடுத்தார்கள்.

அது நடந்து இருபத்தேழு வருடம் ஆகிறது. புரசைவாக்கத்துக் கடையை மூடும்போது போர்டை விலைக்கு வாங்கிவந்து, ஞாயிறு சாப்பாட்டுக்குப் பிறகு டீச்சர் அவனோடு ஒரே ஒரு ஆட்டம் ஆடுவார். ஒவ்வொரு ஞாயிறும் தோற்பார். தோற்பதுகூடப் பெரிதில்லை. அவர் விழுந்த பிறகும், மணி அடிக்கிற வரை அவன் உதைத்துக்கொண்டே இருப்பான்.

"ஒரு தடவயாவது என்ன உட்டுடறானான்னு பாக்கறேண்ணா" என்று முதல்முறை வந்தபோதே சொல்லியிருந்தார். "நீங்க சிரிப்பீங்க."

தணிகைவேல் சிரிக்கவில்லை. ஒரு மிஷினிடம் போய் மன்னிப்புக் கேட்கிறாரே இந்தம்மா என்று தோன்றியது உண்மை. ஆனால் மனிதர்களிடம் கேட்டுக் கிடைத்தவர்கள் எத்தனை பேர் என்றும் தோன்றியது.

"மாத்தினப்பறம் சரியா இருக்கான்னு ஒப்பிட்டுப் பாக்க போன மூணு வாரத்து ஆட்டத்த வீடியோ எடுத்து உங்களுக்கு அனுப்பியிருக்கேன்" என்று சொல்லிவிட்டு டீச்சர் கிளம்பினார். படியிறங்கும்போது இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார்.

செய்முறை தணிகைவேலுக்குக் கைவந்தது. பழைய பேட்டரியை எடுப்பதற்கு முன்னால் புதியதை அதற்கு இணையாகப் பற்றவைக்க வேண்டும். இரண்டும் சேர்ந்து ஓடும்போது பழையதைக் கழற்ற வேண்டும். கரண்ட் ஒரு நொடிகூட நிற்காது. டீச்சருக்கே இரண்டு தடவை இப்படித்தான் செய்துகொடுத்திருக்கிறார்.

அந்த வாரம் சனிக்கிழமை காலை, அதற்கெல்லாம் முன்னால், பழைய பேட்டரியில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்க்க மீட்டரை எடுத்தார்.

மீட்டரில் சிவப்பு ஒயர் செருக இரண்டு ஓட்டை உண்டு. ஒன்று வோல்ட் பார்க்க, இன்னொன்று ஆம்பியர் பார்க்க. ஆம்பியர் ஓட்டையில் ஒயரை வைத்துக்கொண்டு பேட்டரியைத் தொட்டால், அது அளப்பது இல்லை, ஒரு கம்பியால் பேட்டரியின் இரண்டு முனையையும் சேர்த்துக் கட்டுவதுதான். இந்தத் தப்பைச் செய்த பத்துப் பேரையாவது தணிகைவேல் கேவலமாகத் திட்டியிருக்கிறார். அன்று காலை ஒரு சார்ஜரை ஆம்பியரில் பார்த்தவர் அவர்தான். ஒயரை மாற்றாமல் விட்டவரும் அவர்தான். அந்த நேரம் பார்த்துக் கீழே யாரோ ஆட்டோக்காரனோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள், அதைக் கேட்டுக்கொண்டே தொட்டார்.

மூன்று வினாடி இருக்கும். மீட்டரில் வரவேண்டிய எண் வரவில்லை. இவருடைய கண் சிவப்பு ஒயரின் வழியே மெல்ல ஓட்டைக்குப் போனது. கை தானாக விலகியது. விலகி என்ன பிரயோஜனம்?

டிவியில் இணைத்து ஆன் செய்தார். விளையாட்டு பாட்டுப் பாடிக்கொண்டு வந்தது. நிழல்கள் பட்டியலைத் திறந்தார். பெயர் இருக்கவேண்டிய இடத்தில் மூன்று கோடுகள் இருந்தன.

அழிந்தது மொத்தமே எட்டு கிலோபைட். காலையில் ஆளாளுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பும் ஒரு ரோஜாப்பூ படம் இதைவிடப் பத்து மடங்கு பெரியது. அதைத் தனக்குத் தானே பலமுறை சொல்லிப் பார்த்தார். பட்டியலை மறுபடி திறந்தார். அதே மூன்று கோடுகள்.

பக்கத்து அறையில் ஸ்பேர் பார்ட்ஸ் விற்கும் ஹபீப் பாய், டீ குடிக்கக் கூப்பிட வந்தவர், இவர் முகத்தைப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார். தணிகைவேல் எல்லாவற்றையும் சொன்னார்.

"சொல்லிடு வேலு."

"எப்டி பாய் சொல்றது?"

"வாயாலதான்."

"அந்தம்மா அத பேட்டரின்னு நெனைக்கல பாய். தம்பின்னு நெனைக்குது."

"அதனாலதான் சொல்றேன். மவுத்த மறைக்கக் கூடாது. சாவ மறைக்கறது பாவம்."

தணிகைவேல் போன் போட்டார். சொல்லிவிடுவது என்று முடிவுசெய்துதான் போட்டார். டீச்சர் ஒரே ரிங்கில் எடுத்தார். "வேலை முடிஞ்சுதா" என்று கேட்டிருந்தால் ஒருவேளை உண்மை வாயில் வந்திருக்கும்.

"அண்ணா, நல்லா இருக்கானா?" என்றார்.

"நல்லா இருக்கான் டீச்சர்" என்றார் தணிகைவேல். "ஒரு பார்ட்ஸ் வரணும். ஒரு மூணு வாரம் ஆவும்."

ஹபீப் பாய் டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். "நா இதுல இல்லப்பா" என்றார். அதன்பின் மூன்று வாரம் அவர் அந்த அறைக்குள் வரவில்லை.

யோசனை எளிமையானது. ஆடுகிற கையை அந்தப் பெட்டி படித்துக்கொள்ளும் என்றால், ஜெரோமின் கையை அதற்கு மறுபடி படித்துக்கொடுத்தால் போதும். புது பேட்டரியைப் பற்றவைத்து, 'ஜே, ஈ, ஆர்' என்று பெயர் போட்டார். பெயருக்குப் பக்கத்தில் பூஜ்யம் சதவீதம் என்று வந்தது.

டீச்சர் அனுப்பிய வீடியோக்களைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். ஜெரோம் எடுத்த எடுப்பில் கீழே இரண்டு உதை உதைப்பான். பின்வாங்குவதுபோல் பாவனை செய்து குதிப்பான். இடது பக்கம் நகர்வது அவனுக்குப் பிடிக்காது. தணிகைவேல் ஒரு நோட்டில் எழுதிவைத்து, எதிரே டீச்சர் வழக்கமாக எடுக்கும் பச்சை உடைப் பெண்ணை மிஷினே ஆடும்படி விட்டு, காலை பத்து மணியிலிருந்து கடை மூடும் வரை ஆடினார். மற்ற போர்டுகள் மூலையில் குவிந்தன. விரல்கள் வீங்கின. நாற்பது சதவீதம் ஆயிற்று, எழுபது ஆயிற்று.

கடைசி உதைகள்தான் வரவில்லை.

வீடியோவில் டீச்சரின் குரலும் பதிவாகியிருந்தது. ஒவ்வொரு ஆட்டத்தின் முடிவிலும், பச்சை உடைப் பெண் தரையில் கிடக்க ஜெரோம் உதைத்துக்கொண்டிருக்கும்போது, "இன்னும் கோவமாடா?" என்று கேட்பார். அழுகை எல்லாம் இல்லை, சாப்பிட்டாயா என்று கேட்பதுபோலத்தான் கேட்பார். அதைக் காதில் வாங்கிய பிறகு தணிகைவேலால் விழுந்தவளை உதைக்க முடியவில்லை. கொன்றவன் நான், அடி மட்டும் இவளுக்கா என்று தோன்றும். எவ்வளவு உயிர் மிச்சம் என்று திரையில் காட்டும் உயிர்க்கோடு அந்தப் பெண்ணுக்கு ஒரு துளி இருக்கும்போதே கை நின்றுவிடும். பல்லைக் கடித்துக்கொண்டு பிறகு உதைப்பார். அந்தத் தயக்கத்தைப் பெட்டி கவனித்திருக்காது என்று தேற்றிக்கொண்டார். நூறு சதவீதம் ஆனதும், பெயர் பட்டியலில் நிற்கிறதா என்று மூன்று தடவை சரிபார்த்துவிட்டு டீச்சருக்குப் போன் செய்தார்.

டீச்சர் பூந்துவாலையில் சுற்றி எடுத்துப்போனார். "எவ்ளோ நாளைக்கு வரும்ணா?"

"பத்து வருஷம் வரும் டீச்சர்."

"நீங்க நல்லா இருக்கணும்" என்றார் டீச்சர். அந்த வார்த்தைக்குத் தணிகைவேல் தலைநிமிரவே இல்லை.

அடுத்த திங்கட்கிழமை மத்தியானம், மாடிப்படியில் பழகிய காலடிச் சத்தம் கேட்டது. கண்டுபிடித்துவிட்டார் என்றுதான் நினைத்தார் தணிகைவேல். மனிதருக்கு உள்ளூர ஒரு நிம்மதிகூட வந்தது. திட்டட்டும், போலீசுக்குப் போகட்டும், ஏதோ ஒன்று முடிந்தால் சரி.

டீச்சர் கையில் போர்டும் இருந்தது, ஒரு டிபன் டப்பாவும் இருந்தது. முகம் இருபத்தேழு வருடப் பாரத்தை இறக்கிவைத்த முகமாக இருந்தது.

"அண்ணா, அவன் என்ன உட்டுட்டான்."

தணிகைவேல் கையிலிருந்த ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தார்.

"நேத்து ஆடினேன். நா விழற மாதிரி இருந்தேன். ஒரு அடிதான் பாக்கி. அவன் கையக் கீழ போட்டுட்டு நின்னுட்டான். நா நம்பல. மெதுவா எழுந்து ஒரு அடி அடிச்சேன். வாங்கிக்கிட்டான். இன்னொண்ணு அடிச்சேன். விழுந்துட்டான்ணா. மொதல் தடவயா நா ஜெயிச்சேன்." டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "புதுசா ஒண்ணுகூட பண்றான். ஒவ்வொரு ரவுண்டு ஆரம்பத்துலயும் ஒரு குத்து, ஒரு ஒத, அப்பறம் கைய மடிச்சு ஒரு தடுப்பு. வெறும் காத்துல. எனக்கு வணக்கம் சொல்றாப்ல."

தணிகைவேல் தன் கையைப் பார்த்தார். குத்து, உதை, தடுப்பு. மெக்கானிக் புத்தி அது. ஆட்டம் தொடங்கியதும் பொத்தான் மூன்றும் வேலைசெய்கிறதா என்று வரிசையாக ஒரு தடவை அழுத்திப் பார்ப்பது. முப்பது வருடமாக அவர் கை அதைச் செய்துகொண்டிருக்கிறது, அவரைக் கேட்காமலே. வீடியோவில் ஜெரோம் எதையெல்லாம் செய்கிறான் என்று நோட்டுப் போட்டு எழுதிய மனிதர், தான் எதையெல்லாம் செய்கிறோம் என்று ஒருவரிகூட எழுதவில்லை.

"அதனால முடிவு பண்ணிட்டேண்ணா. பேட்டரிய கழட்டிடுங்க. கோவமா இருக்கான்னு நெனச்சு நா புடிச்சு வெச்சிருந்தேன். இனிமே எதுக்கு? அவன் போவட்டும்."

தணிகைவேல் அவரையே பார்த்தார். கட்டரை எடுத்து ஒரு கம்பியை நறுக்கினால் தீர்ந்தது. ஒரு தடயம் இருக்காது. டீச்சர் சந்தோஷமாகப் படியிறங்கிப் போவார். இவரும் தப்பித்துவிடுவார். கை கட்டரைத் தேடியும்விட்டது.

"ஆனா அதுக்கு முன்னாடி நீங்க ஒரு ஆட்டம் ஆடணும்" என்றார் டீச்சர்.

"நானா?"

"நீங்கதான். மூணு தடவ அவன காப்பாத்திக் குடுத்திருக்கீங்க. ஒரு தடவகூட அவனோட வெளையாடினதில்ல. ஒரு ஆட்டம் ஆடி அனுப்பி வைங்கண்ணா. எனக்காக."

மறுக்க முடியவில்லை. டிவியில் இணைத்தார். ஒரு பக்கம் 'ஜே, ஈ, ஆர்'. மறுபக்கம் பச்சை உடைப் பெண்ணை டீச்சரே தேர்ந்தெடுத்துக் கொடுத்தார். டப்பாவைத் திறந்து மேஜையில் வைத்துவிட்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். ரவா கேக் வாசம் வந்தது.

வேறு மாதிரி ஆடிவிடலாம். பொத்தான்களைக் கன்னாபின்னாவென்று அழுத்தி, சீக்கிரம் தோற்று, எழுந்துவிடலாம். அது தணிகைவேலுக்கு நன்றாகவே தெரியும். வாய் திறந்து சொல்லவும் தைரியம் இல்லை, இன்னொரு பொய்யைச் செய்யவும் தெம்பு இல்லை. மணி அடித்தது. அவர் கையைத் தடுக்கவில்லை.

அந்தப் பக்கம் ஜெரோம் காற்றில் ஒரு குத்து, ஒரு உதை, ஒரு தடுப்பு. இந்தப் பக்கம் பச்சை உடைப் பெண்ணும் காற்றில் ஒரு குத்து, ஒரு உதை, ஒரு தடுப்பு. இரண்டும் ஒரே நேரத்தில்.

டீச்சரின் சிரிப்பு மெல்ல நின்றது.

இரண்டாவது ரவுண்டிலும் அப்படியே. மூன்றாவதிலும் அப்படியே. இருவருக்கும் உயிர்க்கோடு ஒரு துளிக்கு வந்தபோது அவன் கையைத் தொங்கப்போட்டு நின்றான். இவராலும் அடிக்க முடியவில்லை. திரையின் மேலே நேரம் ஒன்பது, எட்டு, ஏழு என்று குறைந்தது. இரண்டு உருவங்களும் அடிக்காமல் எதிரெதிரே நின்றன. மணி அடித்தது. இருவருக்கும் வெற்றி இல்லை என்று திரை சொன்னது.

எட்டாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறவர் டீச்சர். அவருக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. திரையைப் பார்த்தார். பிறகு தணிகைவேலின் விரல்களைப் பார்த்தார்.

"எப்போ?" என்றார்.

"மூணாந்தேதி. சனிக்கிழம."

"அப்போ போன்ல நல்லா இருக்கான்னு சொன்னது?"

"அதுக்கப்பறம்தான் டீச்சர். என் தப்புதான். மீட்டர் ஒயர மாத்தாம தொட்டுட்டேன். சொல்லத்தான் போன் போட்டேன். வாய் வரல." நோட்டை எடுத்து அவர் முன்னால் வைத்தார். "அவன மாதிரியேதான் ஆடினேன். கடைசில கை ஓடல. உங்க சத்தம் கேட்டுக்கிட்டே இருந்துச்சு."

"அப்போ என்ன உட்டது நீங்களா?"

தணிகைவேல் தலையைக் குனிந்துகொண்டார். அறைவார் என்று எதிர்பார்த்தார். அறைந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

டீச்சர் எழுந்து ஃபிளானல் துணியை நான்காக மடித்தார். பூந்துவாலையை மடித்தார். இரண்டையும் பைக்குள் வைத்தார். போர்டைத் தொடவில்லை.

"டீச்சர், போர்டு…"

"அது எனக்கு எதுக்கு? அதுல இருக்கறது என் தம்பி இல்ல. நீங்க. நீங்களே வெச்சுக்குங்க." மறுபடி கட்டர் மேல் போயிருந்த அவர் கையைப் பார்த்தார். "கழட்டாதீங்க. பத்து வருஷம் இருக்கட்டும்."

வாசல்வரை போனவர் நின்றார். கைப்பையிலிருந்து சின்ன டைரியையும் பேனாவையும் எடுத்தார்.

"மூணாந்தேதி, சரி. என்ன நேரம்னு ஞாபகம் இருக்கா?"

"எதுக்கு டீச்சர்?"

"சொல்லுங்க."

"பதினொன்னேகால் இருக்கும். காலைல."

டீச்சர் சுவரில் டைரியை வைத்து எழுதிக்கொண்டார்.

"பதினொன்னேகாலுக்கு நா மார்க்கெட்ல மீன் வாங்கிட்டிருந்தேன்" என்றார். "அப்ப ரோட்டுல கெடந்தானே, அன்னிக்கு அவன் எத்தன மணிக்குப் போனான்னு டாக்டராலகூட சொல்ல முடியல. சர்ச்சுல அவன் நெனவுப் பூசைக்கு எழுதிக் குடுக்கும்போதெல்லாம் தேதியிலயே சந்தேகம், ராத்திரி பன்னெண்டுக்கு முன்னாடியா பின்னாடியான்னு. இந்தத் தடவ நீங்க ஒருத்தராவது பக்கத்துல இருந்திருக்கீங்க."

டைரியை மூடிப் பைக்குள் போட்டுக்கொண்டு, இம்முறை திரும்பிப் பார்க்காமல், ஒவ்வொரு படியாக இறங்கிப் போனார்.